நீடாமங்கலம்: நெல் ரயிலேறும் சந்திப்பின் வரலாறும் பிழைப்பும்

எழும்பூரிலிருந்து மன்னார்குடிக்குச் சென்ற நீங்கள், நீடாமங்கலம் சந்திப்பில் வண்டி நின்றபோது பக்கத்துப் பாதையில் நெல் மூட்டைகள் வேகன்களில் ஏற்றப்படுவதைக் கண்டு மூன்று கேள்விகள் எழுப்பியிருக்கிறீர்கள். பத்தாயிரம் பேர் அளவிலான ஒரு பேரூராட்சிக்கு ரயில் சந்திப்பு எப்படி வாய்த்தது? அந்த நெல் எங்கே போகிறது? இவ்வளவு நெல் கைமாறும் ஊர் ஏன் செழிப்பாகத் தெரியவில்லை? முதல் இரண்டு கேள்விகளுக்கும் வரலாற்றில் நேரான விடை உண்டு. மூன்றாவதற்கான விடையும் அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், தஞ்சைக்கும் திருவாரூருக்கும் நடுவே அமைந்த ஊர் நீடாமங்கலம். வடக்கே கும்பகோணம், தெற்கே 14 கி.மீ.யில் மன்னார்குடி. நான்கு பக்கமும் தன்னைவிடப் பெரிய ஊர்கள் சூழ்ந்திருக்க, இந்த ஊர் எக்காலத்திலும் பெருநகரமாக வளர்ந்ததில்லை. ஆனால் ஆற்று நீர், வழிப்போக்கர், நெல் ஆகிய மூன்றும் இங்கே வந்து, பிரிந்து அல்லது வண்டி மாறித்தான் மேற்கொண்டு சென்றிருக்கின்றன. ஊரின் பிழைப்பு அந்த மாற்றத்தில் கிடைக்கும் கூலியாகவும் தரகாகவும் இருந்துவந்திருக்கிறது. மாறிச் செல்லும் பொருளின் முழு மதிப்பு மட்டும் ஒருநாளும் இங்கே தங்கியதில்லை.

முதலில் நீரைப் பார்ப்போம். கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்து விட்டுவிட்டு நீடாமங்கலத்தை நெருங்குகிறது. ஊருக்கு அருகே உள்ள கோரையாறு தலைப்பில் அது வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அதனால் ஊர்க்காரர்கள் அந்த இடத்தை மூணாறு தலைப்பு என்பார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வரையிலான சுமார் இரண்டரை இலட்சம் ஏக்கர் நிலத்துக்கு இந்த ஒரு தலைப்பிலிருந்துதான் தண்ணீர் பங்கிடப்படுகிறது. எந்த ஆற்றுக்கு எத்தனை நாள், எவ்வளவு கன அடி என்று முறை வைத்து ஷட்டர்களை ஏற்றி இறக்கும் நீர்வளத்துறை ஊழியரின் கையில் கடைமடையின் நாற்றங்கால் இருக்கிறது. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் இங்கே கூடும் விவசாயிகளின் கோபத்தையும் மன்றாட்டையும் பார்த்தவர்களுக்கு, இந்த ஊர் ஏன் முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் கோவில்வெண்ணி, கரிகாலன் போர் வென்றதாகச் சங்கப் பாடல்கள் பேசும் வெண்ணி என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். இந்த நீர்வழியின் மீது யார் கை ஓங்கியிருக்கிறது என்பது ஈராயிரம் ஆண்டுக் கேள்வி.

அடுத்தது வழிப்போக்கர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை ஆண்டார். அவருடைய அரசி யமுனாம்பாள் பெயரால் இந்த ஊர் யமுனாம்பாள்புரம் என்று வழங்கப்பட்டது. அவர் பெயரிலேயே ஒரு சத்திரமும் எழுந்தது. ஊரின் நடுவே உள்ள சந்தானராமசாமி கோயிலும் பிரதாபசிம்மர் காலத்தது என்பதே மரபு. இராமேசுவரத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர் ஒரத்தநாடு, இராசாமடம், மீமிசல் என்று வழிநெடுகச் சத்திரங்கள் நிறுவினார்கள். அவற்றுக்குக் கிராமங்களையே மானியமாக எழுதிவைத்தார்கள். இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில், நாட்டின் வருவாய் எல்லாம் போனாலும் சத்திரங்களின் பொறுப்பையாவது தன்னிடம் விட்டுவைக்கும்படி கேட்டார். அங்கே எல்லாச் சாதியாருக்கும் சோறு வழங்கப்படுவதையும் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கப்படுவதையும் அதில் விவரித்தார். பொருளாதார நோக்கில் பார்த்தால் சத்திரம் என்பது ஒரு நெற்களஞ்சியம். மானியக் கிராமங்களின் நெல் அங்கே வந்து சேரும், குத்தப்படும், சமைக்கப்படும், வழியிலே போகும் அன்னியர் வயிற்றுக்கும் போகும். நெல்லைக் குத்தும் வேலை, வடிக்கும் வேலை, தவிட்டைத் தின்னும் மாடு, உமியை எரிக்கும் அடுப்பு எல்லாமே உள்ளூரில் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ரயில். 1853இல் இங்கிலாந்தில் உருவான கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சுமார் 80 மைல் நீளப் பாதையை அமைத்தது. நாகப்பட்டினம்–தஞ்சாவூர்ப் பகுதி 1861இலும், தஞ்சாவூர்–திருச்சிப் பகுதி 1862இலும் திறக்கப்பட்டன. அக்காலத்து மற்றக் கம்பெனிகளைப் போலவே, போட்ட முதலுக்கு அரசு உத்தரவாத வட்டி தரும் ஏற்பாட்டில்தான் இதுவும் நடந்தது. பாதை நட்டமடைந்தால் அந்த வட்டிச் சுமை இந்த நாட்டு வரி கொடுப்போர் தலையில் விழும். சென்னையை நோக்காமல் கடலை நோக்கிப் போடப்பட்ட பாதை அது என்பதைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டு விளைச்சலைத் துறைமுகத்துக்கும், துறைமுகச் சரக்கை உள்நாட்டுக்கும் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். டெல்டாவின் அரிசி நாகப்பட்டினம் வழியாக இலங்கைக்குப் போனது. டெல்டாவின் நிலமில்லாத மக்களும் அதே பாதையில் போய்க் கப்பலேறி மலாயாவுக்குப் பிழைக்கச் சென்றார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குப் பல்லாண்டுகள் ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் டெல்டாவின் முதியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும்.

இந்தப் பாதையின் அகலம் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இது முதலில் அகலப் பாதையாகத்தான் போடப்பட்டது. 1874இல் கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவானதையடுத்து, 1875இல் செலவு குறைவு என்ற காரணத்தால் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. நூற்றாண்டுக்கும் மேல் மீட்டர் பாதையாக இருந்து, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மீண்டும் அகலப் பாதையாயிற்று. நாம் முன்னேற்றம் என்று வரவேற்ற அகலப் பாதை, கொள்ளுப்பாட்டனார் காலத்திலேயே இருந்து, பிறகு பறிக்கப்பட்ட ஒன்று. இடைப்பட்ட காலம் முழுவதும், பெரும் எடையை ஒரே வண்டியில் ஏற்றும் வசதி டெல்டாவுக்கு இல்லாமலே போயிற்று.

நீடாமங்கலம் ரயில் சந்திப்பாக மாறியது மன்னார்குடிக் கிளையால். மன்னார்குடி பெரிய கோயிலூர், மிராசுதார்கள் நிறைந்த ஊர். ஆனால் முதற்பாதை அதைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. அந்தக் குறையைத் தீர்க்க 1915இல் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. தஞ்சை ஜில்லா போர்டு தன் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் ரயில் விட்டு, பிறகு அறந்தாங்கி வரை நீட்டிய காலத்தின் தொடர்ச்சியாக இதைப் பார்க்கலாம். நெல் விற்றுப் பணம் புரண்ட மாவட்டம் தனக்கு ரயில் வேண்டும் என்று கேட்டுப் பெற்ற காலம் அது. மன்னார்குடிப் பக்கத்து நெல்லும் அரிசியும் நீடாமங்கலத்துக்கு வந்து பெரிய வண்டியோடு சேர்ந்தன. பயணிகள் இங்கே இறங்கி மாறினார்கள். மாறுவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் காபியும் இட்லியும் வெற்றிலையும் விற்றன. சந்திப்புக்கு வெளியே ஒற்றை மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் நின்றன.

பேருந்தும் லாரியும் பெருகியபின் 14 கி.மீ. தூரத்துக்கு ரயில் மாறும் பொறுமை யாருக்கும் இல்லை. கிளைப்பாதை 1976இல் மூடப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 27 அன்று அகலப் பாதையாக மறுபடி திறக்கப்பட்டது. அன்று தொடங்கிய மன்னை எக்ஸ்பிரஸில்தான் நீங்கள் பயணம் செய்தீர்கள். அதன்பின் கோயம்புத்தூருக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ், திருப்பதிக்குப் பாமணி எக்ஸ்பிரஸ், இராசஸ்தானத்து ஜோத்பூருக்கு ஒரு வண்டி என்று மன்னார்குடி பல நெடுந்தூர ரயில்களின் தொடக்க நிலையமாகிவிட்டது. மன்னார்குடிக்கு இது பெரும் பேறு. நீடாமங்கலத்துக்கோ, பயணிகள் இறங்கி மாறிய பழைய சந்திப்பு வாழ்வு திரும்பவில்லை. அவர்கள் பெட்டியிலேயே உட்கார்ந்து கடந்துபோகிறார்கள். இங்கே இறங்குவோரில் குறிப்பிடத்தக்க கூட்டம், 7 கி.மீ. தொலைவிலுள்ள ஆலங்குடி குரு கோயிலுக்குச் செல்வோர். வியாழக்கிழமைகளிலும் குருப்பெயர்ச்சியின்போதும் ஆட்டோக்காரர்களுக்கும் உணவகங்களுக்கும் அதனால் வருவாய் உண்டு.

நெல்லை விளைவித்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் நெல்லின் கதையைச் சொல்ல முடியாது. காவிரி டெல்டாவின் பழைய அமைப்பில் நிலம் மிராசுதாருக்கும், கோயிலுக்கும், மடத்துக்கும் சொந்தம். உழைப்பு பண்ணையாளுக்கும் குத்தகைதாரருக்கும் சொந்தம். பண்ணையாட்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1937 டிசம்பர் இறுதியில் நீடாமங்கலத்தில் நடந்த தென்தஞ்சை காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் மற்றவர்களோடு அமர்ந்து சாப்பிட்டதற்காகத் தலித் தொழிலாளர்கள் பின்னர் அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்டு இழிவுசெய்யப்பட்டார்கள். 'விடுதலை' ஏடு அதை வெளிக்கொண்டுவந்தது. வழக்குமன்றம் வரை விவகாரம் போயிற்று. ஒரு காலத்தில் எல்லாச் சாதியாருக்கும் சோறிட்ட சத்திரத்தால் பெயர் பெற்ற ஊரில்தான் இது நடந்தது. ரயில் வந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் பந்தி மாறவில்லை. ரயில் ஊருக்குள் வந்தாலே பழைமை கரைந்துவிடும் என்று எழுதுவோரை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

பந்தியை மாற்றியவை இயக்கங்களும் சட்டங்களும். பி. சீனிவாசராவ் முதலிய பொதுவுடைமையர் 1940களில் இப்பகுதியில் விவசாயத் தொழிலாளரைத் திரட்டினார்கள். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகத் தரப்பட்ட சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கோரிக்கைகளில் ஒன்று. 1952இல் இராஜாஜி அமைச்சரவை தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1961இல் நில உச்சவரம்பு வந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது, கூலி நெல் கேட்டதன் தொடர்ச்சியாக நிகழ்ந்த கொடுமை. அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்று நீடாமங்கலம் வட்டாரத்தில் நிலம் சிறு துண்டுகளாகப் பலர் கையில் இருக்கிறது. பழைய பண்ணையார்களின் வாரிசுகள் பலர் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள்; பழைய பண்ணையாட்களின் பிள்ளைகள் திருப்பூர் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். அறுவடைக்கு வெளிமாவட்ட இயந்திரங்கள் மணிக்கு இவ்வளவு வாடகை என்று வந்து இறங்குகின்றன.

சாகுபடியின் ஆண்டுச் சக்கரம் 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டதிலிருந்து ஜூன் 12 என்ற தேதியைச் சுற்றியே ஓடுகிறது. அன்று நீர் திறந்தால் குறுகிய காலப் பயிரான குறுவை உண்டு. குறுவை அறுத்தபின் தாளடி, அல்லது ஒரே போகமாக நீண்ட காலச் சம்பா. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகம் குறுவையின் விளைச்சலை உயர்த்தியது. ஆனால் நீர் இல்லையேல் ரகத்தால் பயனில்லை. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படவில்லை. 2020இல் திறந்தது. 2022இல் மே 24 அன்றே திறந்தது. 2024இல் ஜூலை இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தேதிகளை நீடாமங்கலத்தின் உரக்கடைக்காரர், நகை அடகுக்கடைக்காரர், டிராக்டர் பட்டறைக்காரர் எல்லாருமே மனப்பாடமாகச் சொல்வார்கள். ஜூன் மாதத்தில் அடகுக்குப் போகும் தாலிக்கொடி அறுவடைக்குப் பிறகு மீளுமா என்பது மேட்டூர் நீர்மட்டத்தைப் பொறுத்தது. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்பாக ஈரத்திலேயே தெளிக்கப்படும் உளுந்தும் பயறும், கோடையில் சில இடங்களில் போடப்படும் பருத்தியும் கைச்செலவுக்கு உதவும் உபரி வருவாய்.

நெல் அரசின் கைக்கு வந்த கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. பர்மாவை ஜப்பான் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. அதுவரை பர்மா அரிசியின் மலிவால் விலை சரிந்து தவித்த தஞ்சை நெல், ஒரே ஆண்டில் மாகாணத்தின் உயிர்நாடியாயிற்று. பங்கீடு வந்தது, கட்டாயக் கொள்முதல் வந்தது. 1952இல் இராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். 1960களின் பற்றாக்குறையில் கட்டுப்பாடு திரும்ப வந்தது. மாவட்ட எல்லையில் நெல் கடத்தலைத் தடுக்கச் சோதனைச்சாவடிகள் நின்றன. 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று அண்ணா அரசு தொடங்கிய திட்டத்துக்கும், 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானதற்கும், 2011இல் தொடங்கிய விலையில்லா அரிசிக்கும் பின்னால் டெல்டாவின் நெல் இருக்கிறது. சென்னையில் நடுத்தரக் குடும்பங்கள் கடையில் வாங்குவது பெரும்பாலும் வேறு ரகமாக, ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருவதாக இருக்கலாம். வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ ரேஷன் கடை வரிசையில் நிற்கும் குடும்பத்தின் பானையில் வேகுவதில் ஒரு பங்கு வெண்ணாற்றுத் தண்ணீர் குடித்த நெல். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே சுருக்கமான விடை.

விரிவான விடைக்கு ஒரு மூட்டையைத் தொடர்ந்து போக வேண்டும். விவசாயி சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர்ப் பதிவுகளோடு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வருகிறார். அங்கே பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் என்ற சிறிய பணியாளர் கூட்டம் இருக்கிறது. சுமைதூக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். களத்தில் கொட்டிய நெல்லை இயந்திரத்தில் தூற்றிப் பதர் நீக்கி, ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ சிப்பமாகச் சாக்கில் பிடித்துத் தைக்கிறார்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுவதால் ஒவ்வோர் ஐப்பசியிலும் இந்த எண்ணைத் தளர்த்தக் கோரி மனு போகும், ஒன்றிய அரசின் குழு வந்து மாதிரி எடுக்கும், நெல் சாலையோரத்தில் முளைக்கும். 2024–25 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்னரகம் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய், பொதுரகம் 2,405 ரூபாய். அப்போது ஒரு சிப்பத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது.

கொள்முதல் நிலையத்திலிருந்து லாரி. லாரியிலிருந்து மூவாநல்லூர், அசேசம் போன்ற திறந்தவெளி சேமிப்பு மையங்களில் மூட்டைகளை அடுக்கிய அட்டி. அல்லது நேராக நீடாமங்கலம் ரயில் நிலையம். சரக்கு ரயில் வந்து நின்றதும் லாரிகள் வரிசை கட்டுகின்றன. 21 வேகன் என்றால் சுமார் 1,000 டன், 42 வேகன் என்றால் சுமார் 2,000 டன். ரயில்வே தரும் நேரத்துக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் வேலை வெயில், இரவு பாராமல் நடக்கும். 2,000 டன் என்பது 50,000 சிப்பம். லாரிக்கு 12 டன் என்று வைத்தால் 165 நடைக்கு மேல். ஐம்பதாயிரம் முறை ஒரு மனிதர் குனிந்து, தலைத் துண்டின் மீது 40 கிலோ ஏற்றி, லாரித் தட்டிலிருந்து வேகன் வாசலுக்கு நடந்து, உள்ளே இருட்டில் வரிசை பார்த்து அடுக்கியிருக்கிறார். வேகனுக்குள் காற்றோட்டம் இல்லை. நெல் சுணை கழுத்திலும் அக்குளிலும் ஒட்டி அரிக்கும். வியர்வையோடு சேர்ந்து அது தோலில் தடிப்பாகும். பலர் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டு வேலை செய்வதற்கு அதுதான் காரணம். இந்தக் கூலிதான் ரயிலால் ஊருக்குள் நேரடியாக இறங்கும் பெரும் பணம். நிலையத்துக்கு வெளியே தேநீர், பரோட்டா, பீடி, லாரிக்குப் பஞ்சர் என்று அது பரவுகிறது.

ஏற்றிய நெல் அரவைக்காக ஈரோடு, திண்டுக்கல், விருதுநகர், திருவள்ளூர் என்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாவட்டத்துக்குப் போகிறது. சென்னையை ஒட்டிய செங்குன்றம் பக்கத்து ஆலைகளின் புகைபோக்கிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். நெல்லாகவே போவதால் என்னென்ன போகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். புழுங்கலரிசிக்கு அரசு வைத்திருக்கும் அரவை விகிதம் 68 விழுக்காடு. 2,000 டன் நெல்லில் அரிசி 1,360 டன்தான். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆக ஏறத்தாழ 400 டன் உமி ரயிலேறிப் போகிறது. அதோடு நூறு டன்னுக்கு மேல் தவிடு. உமி ஆலைக் கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் எரிபொருள். தவிடு எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும் மூலப்பொருள். இவை அரவை நடக்கும் இடத்திலேயே தங்குகின்றன. அவிப்பது, உலர்த்துவது, அரைப்பது, தரம்பிரிப்பது, மூட்டை பிடிப்பது, இயந்திரம் பழுதுபார்ப்பது என்று வேலைகளும் அங்கேயே தங்குகின்றன. காங்கேயமும் ஆரணியும் களம்பூரும் அரிசியால் பெயர் பெற்ற ஊர்களாயின. இவ்வளவு நெல் கடந்துபோகும் நீடாமங்கலத்துக்கு அரிசியால் பெயர் இல்லை. ஒரு கிளைப்பாதையும் சரக்குக் கொட்டகையும் ஊரைச் செழிக்கவைக்கப் போதுமானவை அல்ல. பொருள் எந்த நிலையில் ரயிலேறுகிறது என்பதுதான் கணக்கு.

இது யாருடைய சதியாலும் நேர்ந்ததல்ல என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சம்பா, தாளடி நெல் முழுவதும் தை, மாசியில் ஒரே மூச்சில் வந்து குவிகிறது. சுந்தரக்கோட்டையில் உள்ளதைப் போன்ற அரசு நவீன அரிசி ஆலைகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மூடிய கிடங்குகள் போதாது. திறந்தவெளியில் தார்ப்பாய் போர்த்திய அட்டிகள் ஒரு கோடை மழையில் நனைந்தால் நட்டம் கோடிக்கணக்கில். எனவே கிடைக்கும் ரயிலில் கிடைக்கும் ஊருக்கு அனுப்பிவிடுவதே அதிகாரிகளுக்கு உகந்த வழி. எல்லா மாவட்ட ரேஷன் கடைகளுக்கும் அரிசி தேவைப்படுவதால், அந்தந்த மாவட்டத்திலேயே அரைத்துக்கொள்வதில் ஒரு வசதியும் இருக்கிறது. டெல்டாவின் சிறிய தனியார் ஆலைகளோ, புதிய தரம்பிரிப்பு இயந்திரங்களுக்கு முதல் போட முடியாமல் பல இடங்களில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடிய ஆலைகளின் சிமெண்டுக் களங்களில் இப்போது திருமண மண்டபங்களைப் பார்க்கலாம்.

ரயிலால் ஊர் சுமக்கும் செலவு வேறு. தஞ்சை–நாகை தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள் ரயில் பாதையைக் குறுக்கே கடக்கிறது. சரக்கு ரயிலை முன்னும் பின்னும் நகர்த்தும்போதும், காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி வண்டிகள் வரும்போதும், கிளைப்பாதைக்குத் திரும்பும் சில வண்டிகளுக்கு என்ஜினை மறுமுனையில் கோக்கும்போதும் கேட் மூடப்படும். இருபுறமும் பேருந்துகள் நிற்கும். தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கு விரையும் ஆம்புலன்ஸும் நிற்கும். மேம்பாலக் கோரிக்கை இந்த ஊரில் தலைமுறை கடந்தது. மாநிலத்துக்கே சோறு போகும் வழியை மறிக்காமல் இருக்க ஊர் காத்திருக்கிறது என்றால், அந்தக் காத்திருப்புக்கு ஈடு தரும் கடமை மாநிலத்துக்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம், மன்னார்குடிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக நடந்த நீண்ட போராட்டத்தின் பின்னணியில் வந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தம் இறுதி நாட்களை அந்தப் பிரச்சாரத்திலேயே கழித்தார். நிலத்தை வேறெதற்கும் கெடுக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நிலத்தில் விளைந்ததை அங்கேயே அரைத்து மதிப்புக் கூட்டுவதற்கு வேளாண் மண்டலம் என்ற பெயர் மட்டும் உதவாது. நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மூன்று திசையிலும் அகல ரயில் பாதை இருக்கிறது, நான்கு திசையிலும் நெல் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் மூடிய கிடங்கும் உலர்த்திகளும் அரவைத் திறனும் கூடி, விளையும் நெல்லில் பாதியாவது அரிசியாக ரயிலேறினால், அதே விளைச்சலுக்கு வேகன் குறையும், கேட் மூடும் நேரம் குறையும், உமியும் தவிடும் வேலையும் ஊரில் நிற்கும். அடுத்த முறை நீங்கள் அந்தச் சந்திப்பில் நிற்கும்போது வேகனில் ஏறுவது நெல்லா, அரிசியா என்று பாருங்கள். ஊர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.